தூணில் மிஞ்சிய விரல்கள்: ராவென்னா குறிப்புகள்

இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் முடித்துவிட்டு, கையில் ஒரு நாள் மிச்சமிருந்தால்தான் ராவென்னா பக்கம் திரும்புகிறார்கள். அந்த ஒரு நாளில் அவர்களுக்குக் காட்டப்படுவது தங்கம். மொசைக் தங்கம், நீல வானத்தில் தங்க நட்சத்திரம், தங்கப் பின்னணியில் ஜஸ்டினியன், தங்கப் பின்னணியில் தியோடோரா. "பைசாந்திய ராவென்னா" என்ற இரண்டு சொல்லை எல்லாப் பயண நூலும் ஒட்டியே அச்சடிக்கிறது. போன அக்டோபரில் இரண்டு நாள் அங்கே தங்கிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றியது ஒன்று: அந்த ஊரின் மிக முக்கியமான படம் தங்கத்தில் இல்லை, ஒரு வெள்ளைத் திரைச்சீலையில் இருக்கிறது. இந்தக் குறிப்பு அந்தத் திரையைப் பற்றியது, அதை நமக்குச் சரியாகக் காட்டாத சுற்றுலாவைப் பற்றியதும்கூட.

முதலில் கதைச் சுருக்கம், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. 402-இல் மேற்கு ரோமானியப் பேரரசர் ஹொனோரியஸ் தலைநகரை ராவென்னாவுக்கு மாற்றுகிறார். காரணம் அழகில்லை, சேறு. சுற்றிலும் சதுப்பு, எதிரி சுலபமாக நெருங்க முடியாது, பக்கத்திலேயே கிளாஸே துறைமுகம். 476-இல் ஓடோவேக்கர் கடைசி மேற்குப் பேரரசரை இறக்குகிறார். 493-இல் கோத் மன்னர் தியோடெரிக், சமாதானம் பேசி விருந்துக்கு வந்த ஓடோவேக்கரைத் தன் கையாலேயே வெட்டிப்போட்டுவிட்டு ராவென்னாவில் உட்காருகிறார். 526-இல் சாகும்வரை, முப்பத்து மூன்று வருஷம், அவர் ஆட்சி. 540-இல் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் ஊரைப் பிடிக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த ஊர் "பைசாந்திய" ராவென்னா. அதாவது சுற்றுலாப் பயணி பார்க்கிற கட்டடங்களில் பாதிக்குமேல், பைசாந்தியம் வருவதற்கு முன்னாலேயே எழும்பியவை அல்லது தொடங்கப்பட்டவை.

தியோடெரிக்கும் அவருடைய கோத்துகளும் ஏரியஸ் வழிக் கிறிஸ்தவர்கள். (சில தமிழ் நூல்கள் இதை "ஆரியர்" என்று எழுதிவிடுகின்றன. நம்ம ஊர் ஆரிய - திராவிடச் சண்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏரியஸ் என்பவர் அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு குருவானவர்.) மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், ஆகவே தந்தைக்குச் சமமானவர் அல்ல என்பது அவர் போதனை. 325-இல் நிசேயா சங்கம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் கோத்துகள் கிறிஸ்தவத்துக்கு வந்ததே அந்த வழியாகத்தான். அதனால் ராவென்னாவில் எல்லாம் இரண்டிரண்டு: கத்தோலிக்கருக்கு ஒரு பேராலயம், கோத்துகளுக்கு ஒரு பேராலயம்; இவர்களுக்கு ஒரு திருமுழுக்கு மண்டபம், அவர்களுக்கு ஒன்று. ஒரு தலைமுறைக்கும் மேலாக இரண்டு சபையும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன.

சாந்த் அப்போலினாரே நுவோவோ என்று இன்று அழைக்கப்படும் ஆலயம் தியோடெரிக் தன் அரண்மனைக்குப் பக்கத்தில் கட்டியது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்கு மேலே சுவர் முழுக்க மொசைக், மூன்று அடுக்காக. உச்சி அடுக்கில் இயேசுவின் வாழ்க்கை, பக்கத்துக்குப் பதின்மூன்றாக இருபத்தாறு காட்சி. நடு அடுக்கில், ஜன்னல்களுக்கு இடையில், வெள்ளை உடுத்திய தீர்க்கதரிசிகள் மாதிரியான ஆட்கள். கீழ் அடுக்கில் இரண்டு ஊர்வலம்: ஒரு பக்கம் கன்னிகைகள், மறு பக்கம் வேதசாட்சிகள். கன்னிகைகள் கிளாஸே துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மரியாளை நோக்கிப் போகிறார்கள். வேதசாட்சிகள் ஓர் அரண்மனையிலிருந்து புறப்பட்டுக் கிறிஸ்துவை நோக்கிப் போகிறார்கள். அரண்மனையின் நெற்றியில் "பலாத்தியும்" என்று எழுத்து. தெரிந்துகொள்ள வேண்டியது அங்கேதான்.

அந்த அரண்மனை முகப்பில் வளைவு வளைவாக வாசல்கள். ஒவ்வொரு வளைவிலும் வெள்ளைத் திரை, நடுவில் முடிச்சுப் போட்டுக் கட்டியது, சின்னச் சின்ன வேலைப்பாடு. நடு வளைவில் வெறும் தங்கம். வாசல் இருக்கிறது, ஆள் இல்லை. அழகான காலி வீடு. வழிகாட்டி அங்கே அரை நிமிஷம் நின்று, "இது தியோடெரிக்கின் அரண்மனை, இதில் முன்பு ஆட்கள் இருந்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு ஊர்வலத்துக்கு நகர்ந்துவிட்டார். என்னோடு வந்த அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயசு. அவன் நகரவில்லை. "சித்தி, அந்தத் தூணுக்கு விரல் இருக்கு" என்றான்.

இருந்தது. வெள்ளைத் தூணின் மேல் ஒரு கை. மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, திரைதான். கொஞ்சம் தள்ளி இன்னொரு தூணில் இன்னொன்று. "என்னடி இது, கை மட்டும் தனியா நிக்குது" என்று அக்கா கழுத்தை வளைத்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் அந்த வளைவுகளில் தியோடெரிக்கின் சபையார் நின்றிருக்கிறார்கள், வேண்டுதல் செய்கிற பாவனையில் கையை விரித்து. விரித்த கை பக்கத்துத் தூணின் குறுக்கே விழுந்திருக்கிறது. பிறகு வந்தவர்கள் ஆட்களைச் சுவரிலிருந்து பெயர்த்து, அந்த இடத்தில் திரையைப் பதித்தார்கள். தூணைத் தொடவில்லை. எதிர்ச் சுவரில் கிளாஸே நகர மதிலின் முன்னாலும் இப்படித்தான். உற்றுப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு நிறம் மாறிய திட்டுகள் தெரிகின்றன.

செய்தவர் பிஷப் அக்னெல்லஸ், காலம் சுமார் 561. ஏரியஸ் சபையின் ஆலயங்களை எல்லாம் கத்தோலிக்கச் சபையிடம் ஒப்படைக்க ஜஸ்டினியன் உத்தரவு போட்ட பிறகு. ஆலயத்தின் பெயரும் மாற்றப்பட்டது. தூர் நகரத்துப் புனித மார்ட்டின் பெயரை வைத்தார்கள். வேதசாட்சிகளின் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குவதும் மார்ட்டின்தான். எல்லாரும் வெள்ளையில் இருக்க, அவருக்கு மட்டும் கருஞ்சிவப்பு அங்கி. அவர் வேதசாட்சியே அல்ல, படுக்கையில் செத்தவர். ஆனால் ஏரியஸ் வழியை எதிர்த்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு, அந்தத் தகுதி போதுமாயிருந்தது. (இன்றைய பெயர் ஒன்பதாம் நூற்றாண்டில் வந்தது. அப்போலினாரிஸின் எலும்புகளைக் கிளாஸேயிலிருந்து பாதுகாப்புக்காக இங்கே கொண்டுவந்ததாகச் சொன்னதால்.)

இதைப் பொதுவாக "சமயத் தூய்மைப்படுத்தல்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தவறான போதனைக்காரர்களின் கோயில், சரியான போதனைக்காரர்கள் கைக்கு வந்தது, தவறான படங்களை நீக்கினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் வேறு சொல்கிறது.

மேல் அடுக்கைப் பாருங்க. இயேசுவின் வாழ்க்கை முழுக்க ஏரியஸ் வழியினர் பதித்தது. மகன் தந்தைக்குச் சமமா இல்லையா என்பதுதான் சண்டை என்றால், அந்தச் சண்டை நடக்க வேண்டிய இடம் அந்த அடுக்கு. மகனைப் படமாகக் காட்டியிருப்பது அங்கேதானே? அக்னெல்லஸின் ஆட்கள் சாரம் கட்டி ஏறியிருக்கிறார்கள், சுவரின் பெரும் பகுதியை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த இருபத்தாறு காட்சியில் போதனைக்காக எதையும் மாற்றவில்லை. மீன் நிறைந்த வலையோடு பேதுருவும் அந்திரேயாவும் அப்படியே இருக்கிறார்கள். செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கும் காட்சியில் சிவப்பு தூதரும் நீலத் தூதரும் அப்படியே. நடு அடுக்கும் அப்படியே. கீழ் அடுக்கின் கோடியில் சிம்மாசனத்தில் இருக்கும் கிறிஸ்துவும், குழந்தையோடு இருக்கும் மரியாளும்கூட தியோடெரிக் காலத்தவை, நீக்கப்படவில்லை. போனவை மனிதர்கள். மன்னரும் அவருடைய ஆட்களும். போதனையில் குற்றம் கண்டு அழித்தவர்கள், போதனை தெரிகிற இடத்தில் குற்றம் எதையும் காணவில்லை. இதை அரசியல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடணும். அந்தக் காலத்தில் அரசியலும் சமயமும் தனித்தனிப் பெட்டி இல்லை, மன்னரின் படம் ஆலயத்தில் இருப்பதே அவருடைய சபைக்கான அங்கீகாரம், ஆகவே மன்னரை நீக்குவது சமயச் செயல்தான் என்பார்கள். ஏற்கலாம். ஆனால் அப்படி ஏற்றால், "தவறான போதனை" என்ற சொல்லை அந்தச் சுவர் விஷயத்தில் கைவிட வேண்டும். அங்கே போதனை என்று படம் எதுவும் குற்றவாளியாகவில்லை. யார் யாருக்கு முன்னால் நின்றார்கள் என்பதுதான் குற்றம்.

இரண்டு திருமுழுக்கு மண்டபங்களும் இதற்குத் துணை. கத்தோலிக்கருடையது, நியோன் பிஷப் பெயரால் அழைக்கப்படுவது, ஐந்தாம் நூற்றாண்டு. ஏரியஸ் வழியினருடையது தியோடெரிக் காலம். இரண்டிலும் கூரையின் நடுவில் யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெறுகிறார், பக்கத்தில் யோவான், ஆற்றின் தேவதையாக ஒரு கிழவர், சுற்றிலும் பன்னிரண்டு அப்போஸ்தலர். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்திருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் எங்காவது "ஏரியத்தனம்" இருக்க வேண்டுமே என்று தேடுகிறவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: நியோன் மண்டபத்தில் இயேசுவுக்குத் தாடி, ஏரியஸ் மண்டபத்தில் தாடியில்லாத இளைஞன். ஆகவே அங்கே முழுத் தெய்வம், இங்கே வெறும் பையன் என்று. பயணக் கையேடுகளில் இது இன்னும் வருகிறது.

இந்த வாதத்தை முறிக்க நிபுணர் ஆக வேண்டாம், அதே ஊரில் நடந்தால் போதும். சான் விட்டாலே ஆலயத்தின் மேற்கூரை வளைவில், கத்தோலிக்கர் பதித்த கிறிஸ்து, நீலக் கோளத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர், தாடியில்லாத இளைஞர். கால்லா பிளாசிடியா நினைவிடத்தின் நல்ல மேய்ப்பனுக்கும் தாடி இல்லை. நுவோவோவின் ஒரு பக்கச் சுவரில், அற்புதங்கள் செய்கிற இயேசுவுக்குத் தாடி கிடையாது, எதிர்ச் சுவரில் பாடுகள் படுகிறவருக்குத் தாடி உண்டு. ஒரே ஆலயம், ஒரே மன்னர் காலம். இதெல்லாம் போக, நியோன் மண்டபத்தில் இன்று நாம் பார்க்கிற இயேசுவின் தலையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெலிச்சே கீபெல் என்ற பழுதுபார்ப்பவர் புதிதாகப் பதித்தது. யோவானின் தலையும், அவர் கையில் பிடித்திருக்கிற தட்டும் அவர் கைவேலை. ஐந்தாம் நூற்றாண்டுச் சமயச் சண்டைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதே நியோன் மண்டபத்தைப் பற்றி இன்னொரு கதை. உளவியலாளர் கார்ல் யுங் 1930-களில் தன் தோழி ஒருவரோடு அங்கே போனார். சுவரில் நான்கு பெரிய மொசைக் ஓவியங்களைப் பார்த்தார். அதில் ஒன்று, தண்ணீரில் மூழ்கும் பேதுருவுக்கு இயேசு கை நீட்டுகிற காட்சி. அதன் முன்னால் நின்று இருவரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பின், ராவென்னா போன ஒரு நண்பரிடம் அதன் படத்தை வாங்கிவரச் சொன்னார். நண்பர் போய்ப் பார்த்தார்: அப்படி ஓவியம் எதுவும் அங்கே இல்லை. யுங் இதைத் தன் வாழ்க்கை நினைவுகளில் விரிவாகச் சொல்லி, ஆழ்மனம் பற்றி நிறைய எழுதுகிறார். எனக்கு அந்த விளக்கத்தில் பெரிய ஆர்வம் இல்லை. எனக்கு ஆச்சரியம் இதுதான்: இல்லாத கையைப் பார்த்த பெரியவரின் கதை ராவென்னாவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு தெரு தள்ளி, இருக்கிற கையைப் பார்க்கத்தான் ஆளைக் காணோம்.

இனி சான் விட்டாலே. இந்த ஊரின் புகழ் அதன் மேல் நிற்கிறது, நியாயமும்தான். எண்கோணக் கட்டடம், 547-இல் பிஷப் மாக்சிமியான் அர்ச்சித்தார். யூலியஸ் ஆர்ஜென்டாரியஸ் என்ற பணக்காரர் 26,000 பொற்காசு செலவழித்ததாக ஒன்பதாம் நூற்றாண்டு ராவென்னா வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். (அவர் பெயரும் அக்னெல்லஸ். பிஷப்போடு குழப்பிக்க வேண்டாம்.) கட்டத் தொடங்கியபோது ஊரில் கோத் ஆட்சி. முடிந்தபோது பைசாந்திய ஆட்சி. பலிபீடத்துக்கு இருபுறமும் எதிரெதிராக ஜஸ்டினியனும் தியோடோராவும், பரிவாரத்தோடு. இருவரும் ராவென்னாவில் காலே வைத்ததில்லை. அதனால்தான் அவர்கள் அங்கே சுவரில் நிற்க வேண்டியிருந்தது.

ஜஸ்டினியன் பலகையை நான் பல வருஷமாகப் படத்தில் பார்த்துவந்திருக்கிறேன். நேரில் அது என்னைக் கவரவில்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் அதுதான் உண்மை. அது அறிவிப்புப் பலகை. பேரரசர் நடுவில், சேனை ஒரு பக்கம், குருமார் ஒரு பக்கம், எல்லாரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். சுவாரஸ்யம் அதன் சின்னச் சண்டையில்தான் இருக்கிறது: மாக்சிமியானின் பாதம் எல்லாருக்கும் முன்னால் இருக்கிறது, ஆனால் பேரரசர் கையிலுள்ள தட்டு பிஷப்பின் தோளை மறைக்கிறது. யார் முந்தி? பார்க்கிறவர் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தலைக்கு மேல் பெயர் எழுதப்பட்டிருப்பது பிஷப்புக்கு மட்டும். பேரரசருக்குப் பெயர் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்வார்கள். பிஷப்புக்குத் தேவைப்பட்டது, ஏன்னா அவர் வெளியூரிலிருந்து நியமிக்கப்பட்டவர், ஊரார் அவரை முதலில் உள்ளேயே விடவில்லை. இன்னும் ஒன்று, மொசைக் சில்லுகளை அருகில் ஆராய்ந்தவர்கள், அந்தப் பிஷப் தலை முதலில் மாக்சிமியானுடையது அல்ல, முந்தைய பிஷப்பின் உருவத்தில் தலையை மட்டும் மாற்றிப் பதித்திருக்கிறார்கள் என்று வாதிடுகிறார்கள். அந்த வாதம் சரியென்றால், ஊரின் மிகப் புகழ்பெற்ற படத்திலேயே ஒரு தலை போய் ஒரு தலை வந்திருக்கிறது. நுவோவோவின் திரை தனியான விபத்து அல்ல, வீட்டு வழக்கம்.

தியோடோரா பலகை வேறு ரகம். அதில் இடம் இருக்கிறது: ஒரு மாடம், ஒரு சின்ன நீரூற்று, ஒருவன் விலக்கிப் பிடிக்கிற திரை, திரைக்கு அந்தப் பக்கம் இருட்டு. தியோடோராவின் அங்கியின் கீழ்விளிம்பில் மூன்று ஞானிகள் காணிக்கை கொண்டுபோகிறார்கள், அவளும் கையில் கிண்ணத்தோடு. ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட மறு வருஷமே, 548-இல், அவள் செத்துப்போனாள். அது தெரிந்து பார்க்கிறதாலா என்னவோ, அந்தக் கறுப்பு வாசல் கண்ணை விட்டுப் போகவில்லை.

கால்லா பிளாசிடியா நினைவிடம் சான் விட்டாலேயின் பின்னால், தோட்டத்துக்குள். உள்ளே ஐந்து நிமிஷம்தான். கதவைத் திறந்து ஒரு கூட்டத்தை விடுகிறார்கள், வெளியே அடுத்த கூட்டம். கண் இருட்டுக்குப் பழகவே மூன்று நிமிஷம் ஆகிறது, அந்த நீலம் மெல்ல மெல்ல எழும்பும்போது வெளியே வரச் சொல்லிவிடுகிறார்கள். மூச்சுக் காற்றின் ஈரம் மொசைக்குக்குக் கேடு, ஆகவே விதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "1500 வருஷமாக மாறாத ஒளி" என்று விற்பதைக் குறை சொல்லலாம். ஜன்னலில் இருக்கும் தேன்நிற அலபாஸ்டர் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மன்னர் கொடுத்தவை. ஊரே அமிழ்ந்துகொண்டிருப்பதால் தரையை ஒன்றரை மீட்டருக்குக் கிட்ட உயர்த்தியிருக்கிறார்கள், கட்டியவர்கள் நினைத்ததைவிடக் கூரை நம் தலைக்கு அருகில் வந்துவிட்டது. கால்லா பிளாசிடியாவும் அங்கே அடக்கமாகவில்லை, 450-இல் ரோமில் இறந்தவர். பெயர், தரை, ஒளி மூன்றும் பிற்பாடு வந்தவை. நீலம் மட்டும் பழையது. அது போதும், அதற்காகவே இன்னொரு முறை போகலாம். அக்கா வெளியே வந்து, "இதுக்கு மேல எதுவும் பார்க்க வேணாம்டி, கண்ணு நிறைஞ்சிடுச்சு" என்றாள். எனக்கு அவளோடு வாதிடத் தோன்றவில்லை.

டிக்கெட் விஷயம் ஒன்று. சான் விட்டாலே, கால்லா பிளாசிடியா, நுவோவோ, நியோன் மண்டபம், பேராயர் அருங்காட்சியகம், இந்த ஐந்துக்கும் மறைமாவட்டத்தின் கூட்டுச் சீட்டு ஒன்று. ஏரியஸ் மண்டபமும் தியோடெரிக் நினைவிடமும் அரசாங்கத்துக்குச் சொந்தம், தனிச் சீட்டு. இதில் சதி ஒன்றும் இல்லை, சொத்து யாருடையது என்பதுதான் காரணம். ஆனால் விளைவு என்ன? ஒரு நாள் சுற்றுலாக்காரர் கூட்டுச் சீட்டை வாங்கி ஐந்தையும் முடித்துவிட்டு ரயிலேறுகிறார். கோத்துகள் தமக்காகக் கட்டியதில் அவர் பார்ப்பது நுவோவோ ஒன்றைத்தான், அதுவும் அழிக்கப்பட்ட நிலையில். 1996-இல் யுனெஸ்கோ எட்டு இடங்களைச் சேர்த்துப் பட்டியலில் போட்டபோது இரண்டும் அதில் இருந்தன. தலைப்பு "ஆதி கிறிஸ்தவ நினைவுச் சின்னங்கள்". யார் கிறிஸ்தவம் என்ற கேள்வி அந்தத் தலைப்பில் கரைந்துபோகிறது.

தியோடெரிக் நினைவிடம் ரயில் நிலையத்துக்கு வடக்கே, நடந்தே போகலாம். மொசைக் ஒன்றும் கிடையாது. வெள்ளை இஸ்த்ரியக் கல், காரை இல்லாமல் அடுக்கிய பத்துமூலைக் கட்டடம். மேலே மூடி ஒரே கல். பத்து மீட்டருக்கு மேல் அகலம், இருநூறு டன்னுக்கு மேல் எடை. விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு கைப்பிடிகள், அவற்றில் அப்போஸ்தலர், சுவிசேஷகர் பெயர்கள். எப்படித் தூக்கி வைத்தார்கள் என்று இன்றும் பொறியாளர்கள் பேசுகிறார்கள். உள்ளே மாடியில் ஒரு செம்பளிங்குத் தொட்டி, காலி. எலும்பு இல்லை. நாங்கள் போனபோது எங்களைத் தவிர இரண்டு பேர், அவர்களும் புறா படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தியோடெரிக்கைப் பாவம் என்று காட்டுவது என் நோக்கம் இல்லை. விருந்தாளியை வெட்டியவர், கடைசிக் காலத்தில் போயேத்தியஸைச் சிறையில் போட்டுக் கொன்றவர். அவர் படம் போனதற்கு எனக்கு வருத்தம் குறைவு. ஆனால் அந்த வளைவுகளில் நின்றவர் அவர் மட்டும் இல்லையே. 551-ஆம் ஆண்டு ராவென்னாவில் எழுதப்பட்ட ஒரு நிலப் பத்திரம் பப்பைரஸில் மிஞ்சியிருக்கிறது. கோத் சபையின் குருமார் தங்கள் ஆலயச் சொத்தில் ஒரு பகுதியை விற்கிறார்கள். பத்திரம் லத்தீனில், கையெழுத்தில் சிலது கோத் மொழியில். பெலிசாரியஸ் ஊரைப் பிடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது, திரை பதிக்க இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. தங்கள் மொழியில் கையெழுத்துப் போடுகிற ஆட்கள் அந்த ஊரில் அப்போதும் இருந்திருக்கிறார்கள், சொத்தை விற்றுக்கொண்டு. கருஞ்சிவப்புத் தோலில் வெள்ளி மையில் எழுதிய கோத் சுவிசேஷப் பிரதி, ராவென்னாவில் தியோடெரிக்குக்காகச் செய்யப்பட்டது என்று கருதப்படுவது, இன்று ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மொழி இத்தாலியில் மிச்சமில்லை.

கைகளை ஏன் விட்டார்கள்? இரண்டு கட்சி. ஒன்று, சிக்கனம்: தூணில் கை வைத்தால் தூண் முழுவதையும் திரும்பப் பதிக்கணும், கீழேயிருந்து யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுவிடு. மற்றது, வேண்டுமென்றே: யாரை அழித்தோம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும், அடையாளமே இல்லாமல் அழித்தால் அழித்ததன் பயன் என்ன? நான் இரண்டாவது கட்சி. திரைகளின் வேலைப்பாட்டைப் பார்த்தால் அவர்கள் சோம்பேறிகள் அல்ல என்று தெரியும். முடிச்சின் மடிப்புக்கு நிழல் கொடுத்தவனுக்கு நாலு விரலை மறைக்க வெள்ளைச் சில்லு கிடைக்காமலா போயிருக்கும்? 561-இல் அறுபது வயசான ஒருவர் சின்ன வயசிலிருந்து அந்த முகங்களைப் பார்த்தே வளர்ந்திருப்பார். அவருக்கு அந்த விரல் யாருடையது என்று பெயரோடு தெரிந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு கீழே நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த விரல்.

புதிதாக வந்த ஊர்வலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபத்திரண்டு கன்னிகைகள், இருபத்தாறு ஆண்கள், எல்லார் கையிலும் கிரீடம், இடையில் பேரீச்சை மரம். தலைக்கு மேல் தனித்தனிப் பெயர், கீழே கிட்டத்தட்ட ஒரே முகம். பத்தாவது முகத்துக்குப் பின் நான் பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். தாள லயம், ஆன்மிக ஒழுங்கு என்றெல்லாம் புகழ்வார்கள். மேல் அடுக்கில் வலை இழுக்கிறவனின் முதுகையும் இந்த வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்ன இழப்பு என்று தெரியும். அழிக்கப்பட்ட சபையார் மேல் அடுக்கின் காலத்துக் கலைஞர்கள் செய்தவர்கள். அவர்களுக்கு முகம் இருந்திருக்கும்.

ஆலயத்தின் உள்வாசல் சுவரில் ஒரு தனி உருவம் மாட்டியிருக்கிறது. பருத்த முகம், ரத்தினக் கிரீடம், கீழே "ஜஸ்டினியன்" என்று எழுத்து. சான் விட்டாலேயில் பார்த்த ஜஸ்டினியனுக்கும் இவருக்கும் தூரத்துச் சொந்தம்கூடச் சொல்ல முடியாது. அந்த எழுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பில் வந்தது. உருவம் தியோடெரிக்குடையது, பிறகு பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அங்கே நிற்கிறவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு நகர்கிறார்கள்.

தியோடெரிக்கின் நிஜ அரண்மனை இன்று இல்லை. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன், போப் ஹேட்ரியனிடம் அனுமதி வாங்கி, அதன் பளிங்கையும் மொசைக்கையும் ஆஹனுக்கு எடுத்துப்போனார். 801-இல் தியோடெரிக்கின் குதிரைச் சிலையையும் கொண்டுபோனார். அந்த அரண்மனை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இப்போது போய்ப் பார்ப்பது அந்தத் திரை போட்ட மொசைக்கைத்தான். ஆட்களைப் பெயர்த்தவர்கள் கட்டடத்தை விட்டுவைத்ததால் அது மிஞ்சியது. வாசலுக்குள் நுழைந்ததும் வலது பக்கச் சுவர், முதல் படம். ஜன்னல் வெளிச்சம் கூசாத நேரமாகப் பார்த்து, சின்ன பைனாகுலர் ஒன்றோடு போங்க.